மூன்று றிவோல்வர்களும் ஒரு தம்பியும்

யாராவது எதையாவது கேட்டால் மச்சாள் இல்லை என்று சொன்னதே கிடையாது. "எடுங்கோ, உங்களுக்கில்லாததோ" என்பார். அதை அவர் சொல்லும் விதத்தில் கேட்டவருக்குக் கூச்சம் வந்துவிடும். "இல்லையக்கா, இருக்கட்டும், சும்மா கேட்டனான்" என்று நீட்டிய கையை இழுத்துக்கொள்வார். பொருள் மச்சாளிடமே இருக்கும். கேட்டவர் படலையைத் தாண்டும்போது, "என்ன தங்கமான மனம்" என்று சொல்லிக்கொண்டு போவார்.

இந்தக் கெட்டித்தனத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. அது கெட்டித்தனம் என்று அவருக்கே தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாய் நேரத்தோடு போய்விட, இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நான் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். அப்பாவுக்கு நாயாற்றில் மீன்வாடியும் வள்ளமும் இருந்தன. மீனவர் சங்கத்துக்குக் கிளாக்கராக வந்த இடத்தில்தான் இவர் என்னைக் கண்டார். எங்கள் வீடு மாதா கோவில் வீடு, இவருடையது பிள்ளையார் கோவில் வீடு. இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, கிளிநொச்சி வீட்டு வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்றது மச்சாள் ஒருவர்தான்.

"வா பிள்ளை. என்ரை தம்பியை உனக்குத் தந்திட்டன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அப்படி ஒரு சொல்லை என் தாய்கூட எனக்குச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் விளக்கு வைக்க முதல், மச்சாளின் அறையிலிருந்து அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இவர் எழும்பி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. புதுப்பெண்ணான நான் முன்விறாந்தைக் கதிரையில் தனியே இருந்து, வீதியால் போன மாட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் மெல்லிய குரலில் கதைப்பதும் இடைக்கிடை சிரிப்பதும் கேட்டன. வெளியே வந்தபோது இவருடைய விரல்களில் எண்ணெய் மணந்தது.

"என்ன செய்தனீங்கள்?"

"அக்காவின்ரை சாமானுகள் கொஞ்சம் கிடக்கு. துடைச்சுக் குடுத்தனான்."

"என்ன சாமான்?"

"றிவோல்வர்."

நான் பயந்துபோனேன். இவர் சிரித்தார். சுடுகிற சாமான் இல்லையாம். வெள்ளைக்காரன் காலத்துக் கைத்துவக்குகளாம், உள்ளே ஒன்றும் வேலை செய்யாதாம். ஆனால் அவற்றின் உடம்பு முழுவதும் சித்திரம் வெட்டியிருக்கிறதாம். கொடி, இலை, பூ, மான். "அப்பிடி வடிவு நீர் கண்டிருக்க மாட்டீர்" என்றார். கலியாணம் கட்டிய முதல் நாள் எனக்குச் சொல்ல வேண்டியதை இவர் அந்த இரும்பைப் பற்றிச் சொன்னார்.

அப்போது மச்சாளிடம் இரண்டு இருந்தன. முதலாவது தகப்பன் வழி வந்தது. அவர் குளத்து வேலைகளில் ஓவசியராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் உடைந்துபோன றிவோல்வரைக் குப்பையோடு விட்டுப் போக, தகப்பன் எடுத்து வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற வயதில் மச்சாள் அதைத் தன் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருந்தாராம். தகப்பன் கேட்டபோதெல்லாம் "இந்தாங்கோ அப்பா" என்று நீட்டுவாராம். அவரும் "நீயே வச்சிரு" என்று விட்டுவிடுவாராம்.

இரண்டாவதின் கதையை ஊரே சொல்லும். மச்சாளை யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். வருடம் முடிய முதல் மாப்பிள்ளை நெஞ்சு நோவில் போய்விட்டார். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் நகைகளைப் பற்றிச் சாடைமாடையாகக் கதைக்கத் தொடங்கினார்களாம். மச்சாள், அவர்கள் போட்டது, தகப்பன் போட்டது என்று பாராமல் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்தார். கடைசியாகத் தோட்டையும் கழற்றி வைத்தபோது மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "உனக்கு இந்த வீட்டிலை என்ன வேணும் சொல்லு பிள்ளை" என்று கேட்டிருக்கிறார். மச்சாள் அவருடைய மேசையின் இழுப்பு லாச்சியைக் காட்டி, "அவரின்ரை ஞாபகத்துக்கு அந்தப் பழைய றிவோல்வரைத் தாங்கோ மாமா. வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாராம். தோட்டையும் கையிலே திணித்துத்தான் அனுப்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லுகிற ஒவ்வொருவரும் முடிவில் கண்ணைத் துடைப்பார்கள். நான் ஒருநாள் இவரிடம் கேட்டேன்:

"மச்சாளுக்கு எப்பிடித் தெரியும், அது லாச்சியுக்கை இருக்கிறது?"

"சம்பந்தம் பேசப் போன அண்டைக்கே மாமனார் எடுத்துக் காட்டினவரெல்லே. யானைத் தந்தத்துப் பிடி. அக்கா தேத்தண்ணியைக் கையிலை வச்சுக்கொண்டு குடிக்க மறந்துபோய்ப் பாத்துக்கொண்டிருந்தவா."

இவர் அதைப் பாசத்தோடுதான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கலியாணமே வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

பின்னேரங்கள் அப்படியே போயின. என்னிடம் அப்பா வாங்கித் தந்த தையல் மெசின் ஒன்று இருந்தது. அதிலே சட்டை, பாவாடை தைத்து அக்கம்பக்கத்தில் நல்ல பேர் எடுத்திருந்தேன். வன்னிக்குள் வரும் பொருள்களுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். மெசின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் கிடைப்பதே பெரும்பாடு. என் போத்தலில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது. மெசினுக்கு நான் தேங்காயெண்ணெய் விட, மச்சாளின் றிவோல்வர்கள் என் மெசின் எண்ணெயைக் குடித்தன. கோழி இறகொன்றில் தொட்டுத் தொட்டு இவர்தான் பூசுவார்.

"மச்சாள், எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று கேட்டேன்.

"காட்டாமல்? நீ பாக்காமல் ஆர் பாக்கிறது. கையைக் காட்டு." என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "ஈரமாக்கிடக்குப் பிள்ளை. கடற்கரைக் கையெல்லே, உப்பு ஊறிப்போயிருக்கும். இரும்புக்கு உப்பு ஆகாது. காயட்டும், காட்டுறன்."

என் கை அவருடைய கண்ணுக்கு என்றைக்குமே காயவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் பிடித்துக் காயவைத்துக்கொண்டுகூடப் போயிருக்கிறேன். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, எடுக்கக் கூடாது" என்றார்.

ஆனால் மற்றவர்கள் பார்த்தார்கள். பழுதுபட்ட மணிக்கூடு திருத்த வந்தவர் பார்த்தார். வவுனியாவிலிருந்து துணி கொண்டுவந்த வியாபாரி பார்த்துவிட்டு, "கண் கூசுது தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். ஒருநாள் இயக்கத்துப் பெட்டைகள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து, வீட்டில் துவக்கு ஏதும் இருந்தால் காட்டச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மச்சாள் கொஞ்சமும் பதறவில்லை. இரண்டையும் வெள்ளைத் துணியில் வைத்து முன்விறாந்தைக்கே கொண்டுவந்தார். நான் குசினிக் கதவோரம் நின்று எட்டிப்பார்த்தேன். முன்னுக்கு நின்ற பெட்டையின் தோளும் பின்னலும்தான் தெரிந்தன.

"அன்ரி, இது சுடுமோ?"

"இல்லையம்மா."

"அப்ப என்னத்துக்கு வச்சிருக்கிறியள்?"

"பாக்கிறதுக்கு. உங்களுக்கு வேணுமெண்டால் கொண்டு போங்கோ பிள்ளையள். உங்களுக்கில்லாததோ."

பெட்டை கிட்ட வந்து குனிந்தாள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த மானின்ரை கண்ணை எப்பிடி வெட்டினவங்கள்?" என்று மற்றவளிடம் கேட்டாள். பிறகு துணியால் துடைத்து மச்சாளின் மடியில் வைத்தாள். "வடிவா வச்சிருங்கோ அன்ரி."

அந்த மானின் கண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் சமைத்து, தைத்து, இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தோடு பறிகொடுத்துவிட்டு, நான் அதை இன்னும் பார்க்கவில்லை. போகிற வழியில் வந்த பெட்டை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளைகள் உயிர் தப்பாமல் போனபோது மச்சாள் என்னை நன்றாகத்தான் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். பத்தியக் கறி வைத்து ஊட்டினார், தலைமாட்டில் இருந்து நெற்றியைத் தடவினார். நான் அழுதுகொண்டு கிடந்தபோது இவரைப் பார்த்து, "தம்பி, நீ அவளோடை இரு. என்ரை அறைக்கு வரவேண்டாம்" என்றார். இவருக்கு அது பொறுக்கவில்லை. "அக்கா எனக்காக எல்லாத்தையும் விடுறா" என்று என் கட்டிலடியில் இருந்தபடியே மச்சாளின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் எழும்பிப் போனார்.

சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்து சேர்ந்த மழைக்காலத்தில் மூன்றாவது வந்தது. நனைந்து வந்த, கோட்டில் வழக்குப் பேசிய வயதான அப்புக்காத்து ஒருவருக்கும் அவருடைய மனிசிக்கும் மச்சாள் தன் அறையையே கொடுத்தார். தான் குசினியில் பாய் போட்டுப் படுத்தார். ஊர் முழுக்க இதையே புகழ்ந்து கதைத்தது. அவர்களுக்கு மூன்று நேரமும் சமைத்துப் போட்டது நான், அப்புக்காத்தரின் சேட்டுகளைத் தைத்துக் கொடுத்தது நான். மச்சாள் செய்ததெல்லாம் பின்னேரங்களில் அவர்களோடு இருந்து கதைத்ததுதான். முதல் நாளே, பெட்டியை உள்ளே தூக்கி வைக்கும்போது, "பாரமாக்கிடக்கு, என்ன இருக்கு?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

அவர்கள் கொழும்பிலுள்ள மகனிடம் போகப் பாஸ் கிடைத்தது. வவுனியாச் சோதனைச் சாவடியில் அப்படி ஒரு சாமானோடு பிடிபட்டால் ஆள் வெளியே வரமுடியாது. அப்புக்காத்தர் தன் தகப்பன் வழி வந்த றிவோல்வரை மச்சாளின் கையில் வைத்துக் கும்பிட்டார். முத்துச்சிப்பிப் பிடி, வெள்ளியில் இழைத்த கொடி. இவர் எனக்குச் சொன்ன விபரம்தான். மனிசி என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ரை மச்சாள் ஒரு தெய்வம் பிள்ளை" என்றார். எனக்கு ஒரு குடையைத் தந்துவிட்டுப் போனார். அதில் ஒரு கம்பி உடைந்திருந்தது.

முத்துச்சிப்பி எங்கள் கடலின் பொருள். சின்ன வயதில் நாயாற்று மணலில் பொறுக்கி விளையாடியவள் நான். அதன் உட்பக்கம் வெயிலுக்கு எத்தனை நிறம் காட்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால் மச்சாளுக்குச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கிளிநொச்சியை விட்டு நாங்களே ஓட வேண்டி வந்தது. ஆமியின் செல் விழத் தொடங்கிவிட்டது. வீதி முழுக்கச் சனம். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். கரியரில் ஒரு பாரம்தான் ஏற்றலாம். இவர் ஏற்கனவே, றிவோல்வர்கள் இருந்த மச்சாளின் தகர றங்குப்பெட்டியை வைத்துக் கட்டத் தொடங்கியிருந்தார். நான் மெசினைக் கழற்றி, தலையைப் போர்வையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மச்சாள் கண்டுவிட்டார்.

"தம்பி, என்ரை பெட்டியை இறக்கு. அவளின்ரை மெசினை ஏத்து. அவளுக்குப் பிழைப்பு அது."

இவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. "அக்கா, உங்களுக்கு வேறை என்ன கிடக்கு? உதையும் விட்டிட்டு வாறியளோ?"

"நான் ஆர் தம்பி? நாளைக்குச் சாகிற கட்டை. இறக்கடா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீதியில் போன சனமும் பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது.

"இருக்கட்டும் மச்சாள்" என்றேன். "பேந்து வந்து எடுப்பம்."

மெசினைக் குசினிக்குள் அடுப்பு மேடைக்குக் கீழே வைத்து, சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்தேன். பிறகு ஒருவரும் போகவில்லை, போக முடியவும் இல்லை. அக்கராயன் வரைக்கும் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன். வழி நெடுக என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெட்டி ஆடிக்கொண்டே போனது. மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "உன்னைப் போல ஒருத்தி கிடைக்க என்ரை தம்பி குடுத்து வச்சவன்" என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அக்கராயனில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் கிடுகுக் கொட்டில் போட்டோம். குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். மச்சாள் அந்த வளவுக்காரரின் வயலில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, சேறு பூசிக்கொண்டு வேலை செய்தார். ஊசி நூலால் கையாலே தைத்து நான் கொஞ்சம் சம்பாதித்தேன். அந்த மாரியில்தான் எனக்கு மூன்றாவது தடவை வயிற்றில் தங்கியது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் பழைய கதையைக் கேட்டுவிட்டு நேரே சொன்னார். "இஞ்சை வச்சுப் பாக்கேலாது அம்மா. வெட்டி எடுக்க வேண்டி வரும். இப்பவே வவுனியாவுக்குப் போங்கோ. இந்த முறை உங்களையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறன்."

இவரிடம் வந்து சொன்னேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா வரமாட்டா. அந்தச் சாமானுகளோடை அங்காலை போகேலாது. அதுகளை விட்டிட்டும் வரமாட்டா."

"மச்சாள் வராட்டி நாங்கள் போவம்."

"அவாவைத் தனிய விட்டிட்டோ?"

"அப்ப என்னைத் தனிய அனுப்புங்கோ" என்று கத்தினேன். "மூண்டு இரும்புத் துண்டு, ஒரு அக்கா. அதுக்குப் பிறகு இடமிருந்தால் நானும் என்ரை பிள்ளையும். அப்பிடித்தானே?"

கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் நான் சத்தம் போட்டுக் கதைத்தது அன்றுதான். கிடுகுச் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகுச் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் திரும்பவும் தொடங்கியது.

அடுத்த நாள் காலை மச்சாள் றங்குப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போனார். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தார். இடுப்பு வரை சீலை நனைந்திருந்தது. கையில் பெட்டி இல்லை. இவர் முற்றத்தில் நின்றார்.

"போட்டிட்டன் தம்பி" என்றார் மச்சாள். "குளத்துக்கை போட்டிட்டன். இனி என்னை ஒண்டும் பிடிச்சு வச்சிருக்கேல்லை. நீ அவளைக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போ. நெல்லு வெட்டி, குத்தகையை ஒப்படைச்சிட்டு நான் பின்னாலை வாறன்."

இவர் முற்றத்து மண்ணில் இருந்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி மச்சாளின் ஈரச் சீலையில் முகத்தை வைத்து அழுதார். "எனக்காகவோ அக்கா? எனக்காகவோ?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். வளவுக்கார மனிசியும் அழுதார். அந்த ஒரு காலைப் பொழுது முழுக்க நான் மச்சாளின் மேல் வைத்திருந்த எல்லாக் கோபத்தையும் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போகிற அன்று மத்தியானம் இவர் பாஸ் கடுதாசியோடு ட்ரக்டர்காரரைப் பார்க்கப் போயிருந்தார். மச்சாள் என்னைக் கூப்பிட்டார். வைக்கல் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குந்தியிருந்து வைக்கலை விலக்கினார். றங்குப்பெட்டி இருந்தது.

நான் வாய் திறக்க முதல் அவரே கதைத்தார்.

"நீ எப்பிடியும் கண்டுபிடிச்சிருப்பாய். உன்ரை கண் எனக்குத் தெரியும் பிள்ளை. வந்த நாளிலை இருந்து என்னைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறாய்."

"மச்சாள்..."

"நான் வரமாட்டன். இதுகளை விட்டிட்டு என்னாலை ஏலாது. சொன்னால் அவன் போகமாட்டான். உனக்கு அவன் வேணும். எனக்கு இதுகள் வேணும். நீ கூட்டிக்கொண்டு போ. அவனுக்குச் சொல்லாதை." பிறகு, "கையைத் துடை" என்றார்.

சீலைத் தலைப்பில் துடைத்தேன். மூன்றையும் ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

இவர் சொன்னதெல்லாம் குறைவுதான். முதலாவதில் கொடி சுற்றிச் சுற்றிப் போய் ஓரிடத்தில் மானாக மாறியிருந்தது. மான் ஓடிக்கொண்டே பின்னுக்குத் திரும்பிப் பார்த்தது. அதன் கண் ஊசி முனையளவு பள்ளம். ஆனால் பயம் தெரிந்தது. தந்தப் பிடி, பழகிய ஒருவரின் கை போல உள்ளங்கையில் வந்து இருந்தது. மூன்றாவதின் சிப்பிப் பிடியை வெயிலுக்குத் திருப்பினேன். பச்சையும் நாவல் நிறமும் ஓடி மறைந்தன. நாயாற்று மணல் எனக்கு ஞாபகம் வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. மச்சாள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"காணும் பிள்ளை, தா" என்றார். வாங்கியவுடன் என் விரல் பட்ட இடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.

ட்ரக்டர் புறப்படும்போது இவர் கதறினார். மச்சாள் தலையை ஆட்டி ஆட்டி, "போட்டு வா ராசா, நான் வாறன்தானே" என்றார். நான் நினைத்தது போல எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஏழு கடல் தாண்டிச் சண்டை பிடித்து வெல்ல வேண்டிய மனிதனை, அவர் தேவையில்லாத ஒரு குடையைப் போல என் கையில் தந்துவிட்டுப் போனார். எல்லாரும் பார்க்க, அழுதுகொண்டு, ஊரின் பாராட்டையும் வாங்கிக்கொண்டு தந்தார்.

வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. உயிரோடு, வாய்விட்டு அழுதுகொண்டு வந்தாள். இவர் பிள்ளையைக் கையில் வாங்கியவுடன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? "இவள் பிறக்கோணுமெண்டு அவா எல்லாத்தையும் குளத்திலை போட்டவா" என்று பக்கத்துக் கட்டில்காரிகளுக்குச் சொன்னார். அவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

நெல்லு வெட்டு எப்போதோ முடிந்திருந்தது. மச்சாள் வரவில்லை. பிறகு சண்டை தொடங்கிப் பாதை பூட்டிக்கொண்டது. "பாதை பூட்டினபடியாலைதான் அக்கா நிக்கிறா" என்று இவர் சொல்லுவார். வவுனியா முகாமிலிருந்து பூவரசங்குளத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். யார் அந்தப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்தாலும் இவர் ஓடிப்போய் விசாரிப்பார். இருக்கிறா, சுகமாக இருக்கிறா என்பார்கள். அவ்வளவுதான். எனக்கு இவர் ஒரு தையல் மெசின் வாங்கித் தந்தார். தைத்துக்கொண்டே இவருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கறியில் உப்புக் கூடினாலும், மழை பெய்தாலும், பிள்ளை புதுச் சட்டை போட்டாலும் அது அக்காவிடம்தான் போய் முடியும்.

சொல்லியிருக்கலாம். முதல் வருடம் சொன்னால் இவர் சண்டைக்குள்ளாலே திரும்பிப் போயிருப்பார். பிறகு சொன்னால் நம்பமாட்டார். நம்பினால் உடைந்துபோவார். அதற்கும் பிறகு எனக்கே சொல்ல விருப்பமில்லாமல் போய்விட்டது. மச்சாள் என்னிடம் மட்டும் சொன்ன ஒரே விசயம் அது.

பிள்ளை நேர்சரிக்குப் போகத் தொடங்கிய வருடம், ஒருநாள் பகல், அக்கராயனிலிருந்து வளவுக்கார மனிசி சுற்றிக்கொண்டு தேடி வந்தார். இவர் வேலைக்குப் போயிருந்தார். மனிசி கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னார். மலேரியாக் காய்ச்சல். தலைக்கு ஏறிவிட்டது. மச்சாள் போய் ஒரு மாதம் இருக்கும்.

என் முதல் அழுகை உண்மையான அழுகைதான். என் தலைமாட்டில் இருந்து நெற்றியைத் தடவிய கை ஞாபகம் வந்தது.

"கடைசி வரைக்கும் குறையில்லாமல்தான் இருந்தவா" என்றார் மனிசி. "போன வருசமும் ஒண்டு வாங்கினவாவெல்லே."

"என்ன வாங்கினவா?"

"பழைய கைத்துவக்குத்தான். முறிகண்டிப் பக்கம் ஒரு வீட்டிலை இருந்து. அந்த வீட்டுக் கிழவி பாயிலை கிடக்க இவாதான் ராப்பகலாப் போய்ப் பாத்தவா. கிழவி சாகேக்கை குடுத்ததாம். நாலாவது. பிடியிலை மயில் வெட்டியிருக்கு. தோகை விரிச்சு, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா. எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துக் காட்டுவா."

"வெள்ளிக்கிழமையிலையோ?"

"ஓம். வெள்ளிக்கிழமையிலைதான் துடைக்கிறவா."

என் அழுகை நின்றுவிட்டது.

மனிசி குரலைத் தாழ்த்தினார். "பெட்டி என்னட்டைத்தான் கிடக்கு. காய்ச்சலுக்கையும் தெளிவாச் சொன்னவா. தம்பி வந்தால் குடுக்கவேண்டாம். அவன்ரை பெண்சாதி வந்தால் குடுங்கோ, எல்லாம் அவளுக்குத்தான், அவளுக்குத்தான் அதுகளின்ரை அருமை தெரியும் எண்டு."

நாலும் எனக்கு. மானும், தந்தமும், சிப்பியும், நான் காணாத மயிலும். பாதை திறக்கிற நாளில் போய்க் கேட்டால் என்னுடையவை. ஆனால் அவற்றை நான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் இவர் பார்ப்பார். பார்த்தால், ஈரச் சீலையோடு முற்றத்தில் நின்ற அக்கா இவருக்கு இல்லாமல் போய்விடுவார். மச்சாள் தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். எப்போதும் போல, வாங்க முடியாதபடி தந்திருக்கிறார்.

"உங்களிட்டையே இருக்கட்டும் அக்கா" என்றேன். "இவருக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

"என்ன தங்கமான மனம் அவாவுக்கு" என்றார் மனிசி, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

பாதை திறந்த பிறகும் நான் கேட்டுப் போகவில்லை.

மனிசி வந்து போன அன்று பின்னேரம் இவர் வந்தவுடன் செய்தியைச் சொன்னேன். இவர் படியில் இருந்து சத்தம் போட்டு அழுதார். பிள்ளை பயந்துபோய் என் சீலைக்குள் ஒளிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இவர் அவளை மடியில் தூக்கி வைத்தார்.

"உன்ரை பேர்க்காரி செத்துப்போனா அம்மா. நீ பிறக்கோணுமெண்டு தன்னட்டை இருந்த அருமையான சாமானெல்லாத்தையும் கொண்டுபோய்க் குளத்திலை போட்டவா. ஒண்டையும் தனக்கெண்டு வச்சிருக்கேல்லை. அப்பிடி ஒரு ஆள் இனிப் பிறக்கிறேல்லை."

பிள்ளை வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு எதையும் இரண்டு பேரிடம் கேட்டால்தான் நம்பிக்கை. என் பக்கம் திரும்பினாள்.

"ஓமோ அம்மா? எல்லாத்தையும் போட்டவாவோ?"

இவர் நனைந்த கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன். "எல்லாத்தையும்."